கம்பைலர் கைவிரிக்கும் இடம்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மா கண் ஆபரேஷன் முடிந்து மறுபடி பேப்பர் படிக்கிறார் என்றதும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். பெரியவள் பிளஸ் டூ.

ஹாஸ்கெல் மொழியில் புரோகிராம் எழுதுவது பிடித்துப்போய்விட்டது என்று எழுதியிருந்தாய். கூடவே ஒரு கேள்வியும் கேட்டிருந்தாய். டிரைவிங் (deriving) என்று ஒரு வரி போட்டால் ஃபங்க்டரை (உள்ளே இருக்கும் ஒவ்வொன்றின் மேலும் ஒரே வேலையைச் செய்யும் முறையை) எழுதித் தருகிற ஹாஸ்கெல் கம்பைலரான ஜி.எச்.சி., அப்ளிகேட்டிவ் (அப்படிப்பட்ட இரண்டைச் சேர்க்கும் முறை) கேட்டால் மட்டும் ஏன் கைவிரிக்கிறது? நல்ல கேள்வி. ஒரு டைப்புக்கு (தரவு வகைக்கு) விதிகளுக்கு உட்பட்ட ஃபங்க்டர் ஒன்று இருக்கலாம், அல்லது இல்லாமல் போகலாம். இரண்டு இருக்க வழியே இல்லை. அதனால் டைப்பின் வடிவத்தைப் பார்த்தே எழுதிவிடலாம். அப்ளிகேட்டிவ் அப்படியில்லை. இரண்டு பேர் உள்ள லிஸ்டையும் மூன்று பேர் உள்ள லிஸ்டையும் சேர்க்கிறாய் என்று வை. எல்லாரையும் எல்லாரோடும் சேர்த்தால் ஆறு ஜோடி. வரிசைப்படி கோத்தால் இரண்டே ஜோடி. விதிப்படி இரண்டுமே சரி. லிஸ்டுக்கு முதலாவதைக் கொடுத்து, இரண்டாவதற்காக ஜிப்லிஸ்ட் என்று தனி டைப் வைத்திருக்கிறார்கள். முழு எண்ணுக்கு மோனாய்டு (இரண்டை ஒன்றாக்கும் முறை) இல்லாததும் இதனால்தான்: கூட்டலா, பெருக்கலா என்று நாம்தான் சொல்ல வேண்டும். 2018-இல் ஜி.எச்.சி. 8.6 பதிப்போடு வந்த டிரைவிங் வயா, அதைச் சொல்வதற்கு ஒரு வழி.

எனக்குக் கவலையெல்லாம் கம்பைலர் மறுக்காத இடங்களில்தான். செட் (ஒரே உறுப்பு இருமுறை வராத தொகுப்பு) உள்ளுக்குள் ஒரு மரமாக அடுக்கப்பட்டிருக்கும். 1, 2 என்ற செட்டில் 1 வேராக, 2 வலப்பக்கம் இருக்கலாம். 2 வேராக, 1 இடப்பக்கமும் இருக்கலாம். இரண்டும் ஒரே செட். ஆனால் டிரைவிங்கால் தானாக வரும் ஈக்யூ (இரண்டும் சமமா என்று பார்ப்பது) மரத்தோடு மரத்தை ஒப்பிட்டு, வேறு வேறு என்று சொல்லிவிடும். ஒரு எச்சரிக்கைகூட வராது. அதனால்தான் செட் இருக்கும் கன்டெய்னர்ஸ் லைப்ரரியில் ஈக்யூவைக் கையால் எழுதியிருக்கிறார்கள்: முதலில் எண்ணிக்கை, பிறகு ஏறுவரிசையில் உறுப்புகள்.

உன் புகார்ப் பட்டியல் புரோகிராமிலும் இதே ஆபத்து இருக்கிறது. சாதாரணம், முக்கியம், அவசரம் என்று கன்ஸ்ட்ரக்டர் (டைப்பின் மதிப்புகளுக்கான பெயர்கள்) வைத்து ஆர்டை (எது பெரியது என்று ஒப்பிடுவதை) டிரைவ் செய்திருக்கிறாய். அது எழுதிய வரிசையைத்தான் பார்க்கும். நாளைக்கு யாராவது அழகுக்காக அகரவரிசைப்படுத்தினால் அவசரம் முதலில் வந்து, எல்லாவற்றையும்விடச் சிறியதாகிவிடும், ஆனால் புரோகிராம் கம்பைல் ஆகும். ஆர்டுக்கான அந்த ஒரு இன்ஸ்டன்ஸை (உன் டைப்புக்கான வரையறையை) நீயே எழுது. ஷோவும் (எழுத்தாகக் காட்டுவது) ஈக்யூவும் அப்படியே இருக்கட்டும், அங்கே தவறில்லை.

எழுதியதும் அனுப்பு, பார்க்கிறேன். அம்மாவுக்கு என் வணக்கம்.

அன்புடன்,
செல்வம்