அரைநாளில் ஊரைக் காட்டும் வழிகாட்டிகளுக்கு ஒரு திறந்த மடல்

பழம்பெரும் நகரங்களில் தனிச் சுற்றுலா நடத்தும் வழிகாட்டிகளுக்கும், அந்தச் சுற்றுலாக்களை வகுத்து விற்கும் நிறுவனங்களுக்கும் வணக்கம்.

உங்களிடம் கேட்க வந்தது ஒன்றுதான். அரைநாள் சுற்றுலாவில் இடங்களைக் குறையுங்கள். பாதிக்குப் பாதி குறைத்தாலும் சரி. மிஞ்சுகிற இடங்களில் எங்களை நிற்க விடுங்கள்.

இன்று விற்கப்படும் அரைநாள் திட்டங்களில் எட்டு இடம், பத்து இடம் என்று அடுக்கியிருக்கிறது. நான்கு மணி நேரம் என்று மேலே போட்டிருக்கிறது. அந்த நான்கு மணி நேரமோ ஹோட்டல் வாசலிலேயே ஓடத் தொடங்கிவிடுகிறது. போக்குவரத்து நெரிசல், வண்டியை நிறுத்த இடம் தேடுவது, டிக்கெட் வரிசை, பாதுகாப்புச் சோதனை, கழிப்பறை, வெயிலுக்கு ஒதுங்கி ஒரு வாய் தண்ணீர். இவ்வளவும் போகக் கட்டடத்தின் முன்னால் நிற்க இரண்டரை மணி நேரம் மிஞ்சினால் பெரிது. அதைப் பத்தால் வகுத்தால் இடத்துக்குக் கால் மணி. அந்தக் கால் மணியில் படம் எடுக்கலாம், ஆண்டைக் கேட்டுக்கொள்ளலாம், திரும்பி வண்டியில் ஏறலாம். பார்க்க முடியாது.

கூட்டத்தோடு போகும் பேருந்துச் சுற்றுலாவில் இது தவிர்க்க முடியாதது என்று ஒப்புக்கொள்கிறேன். நாற்பது பேரில் ஒருவர் நின்றால் முப்பத்தொன்பது பேர் காத்திருக்க வேண்டும். ஆனால் கூடுதல் பணம் கொடுத்துத் தனியாக ஒரு வழிகாட்டியை அமர்த்திக்கொள்பவர் எதற்காக அப்படிச் செய்கிறார்? குளிரூட்டிய வண்டிக்காக மட்டும் அல்ல. பிடித்த இடத்தில் நிற்கலாம், தோன்றியதைக் கேட்கலாம் என்பதற்காகத்தான். அந்த உரிமையைக் கொடுக்காத தனிச் சுற்றுலா, சின்ன வண்டியில் நடக்கும் கூட்டச் சுற்றுலாவே.

இஸ்தான்புல்லின் சுல்தானகமெட் பகுதியை எடுத்துக்கொள்வோம். ஹாகியா சோபியா, நீல மசூதி, பசிலிக்கா நீர்த்தேக்கம், தோப்காப்பி அரண்மனை, அருகிலுள்ள கிராண்ட் பஜார் என்று அங்கே அரைநாளுக்குள் அடைப்பது வழக்கம். நடுவில் ஹிப்போட்ரோம் என்று ஒரு பெயர் வரும், போகிற போக்கில் பார்க்கிற இடமாக. பைசாந்தியப் பேரரசின், அதாவது கிழக்கு ரோமப் பேரரசின், தேரோட்டத் திடல் அது. இன்று பார்ப்பவர் கண்ணுக்கு மூன்று தூண்கள் நிற்கும் ஒரு நீண்ட பூங்கா. ஐந்து நிமிடத்தில் கடந்துவிடலாம். பெரும்பாலும் கடந்துவிடுகிறார்கள்.

நான் கேட்பது, அங்கே அரை மணி நேரம் நில்லுங்கள் என்பதுதான். முதலில் அந்தத் தூண்களின் அடியைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். அவை நாம் நடக்கும் தரையில் நிற்கவில்லை, பள்ளத்துக்குள் நிற்கின்றன. பள்ளத்தின் அடிதான் பழைய திடலின் தரை. நம் காலடியில் இருப்பது நூற்றாண்டுகளாகச் சேர்ந்து உயர்ந்த மண். இதைக் காட்ட ஒரு சொல்கூடத் தேவையில்லை, விரலை நீட்டினால் போதும். ஒரு நகரம் தன்மீதே ஏறி நின்றுகொண்டிருக்கிறது என்பது பார்க்கிறவருக்குத் தானாகவே விளங்கும்.

அடுத்து அந்த மூன்று தூண்களில் ஒன்றான எகிப்தியத் தூபி. மூன்றாம் துட்மோஸ் என்ற எகிப்திய மன்னர் அங்கே கர்னாக் கோயிலில் எழுப்பியது. ரோமப் பேரரசர் தியோடோசியஸ் கி.பி. 390-இல் இங்கே நிமிர்த்தினார். அதன் பீடத்தில் அந்தச் சாதனையைப் பற்றி ஒரு பக்கம் லத்தீனிலும் இன்னொரு பக்கம் கிரேக்கத்திலும் பாட்டாக எழுதி வைத்திருக்கிறார்கள். தூபியை நிமிர்த்த எத்தனை நாள் ஆயிற்று? லத்தீன் 30 நாள் என்கிறது, கிரேக்கம் 32 நாள் என்கிறது. ஒரே பீடம், ஒரே நிகழ்ச்சி, இரண்டு கணக்கு. கல்வெட்டு என்றால் கேள்வியே கிடையாது என்று நினைத்துக்கொண்டு வரும் பயணிக்கு வரலாறு எப்படி எழுதப்படுகிறது என்று காட்ட இதைவிட நல்ல இடம் உலகத்தில் அதிகம் இல்லை. இதைத் தாண்டி ஓடிப்போய் எந்தச் சந்தையைப் பார்க்கப் போகிறோம்?

பக்கத்திலேயே முறுக்கிய வெண்கலத் தண்டு ஒன்று மொட்டையாக நிற்கிறது. கி.மு. 479-இல் பிளாட்டியாவில் பாரசீகப் படையை வென்ற கிரேக்க நகரங்கள் கிரேக்கத்தின் டெல்பியில் இருந்த கோயிலுக்குக் கொடுத்த காணிக்கை அது. மூன்று பாம்புகள் பின்னிப் பிணைந்த வடிவம். சேர்ந்து போரிட்ட 31 நகரங்களின் பெயர்கள் சுருள்களில் பொறிக்கப்பட்டன. ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் அதைத் தன் புதிய தலைநகரான இந்த ஊருக்குக் கொண்டுவந்தார். பாம்புகளின் தலைகள் எங்கே? பிறகு இந்த ஊரை ஆண்ட துருக்கிய ஒட்டோமான்களின் காலத்துச் சிற்றோவியங்களில் மூன்று தலைகளும் இருக்கின்றன. பதினேழாம் நூற்றாண்டின் இறுதிவரை இருந்தவை பிறகு போய்விட்டன. ஒரு தலையின் மேல்தாடைப் பகுதி மட்டும் கிடைத்து, இஸ்தான்புல் தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சுல்தான் ஒருவர் கதாயுதத்தால் ஒரு தாடையை அடித்து உடைத்தார் என்று ஒரு கதையும் உண்டு. சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். கதை என்று சொல்லிவிட்டுச் சொல்லுங்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் அழுத்தியே பேச வேண்டியிருக்கிறது. பழைய ஊர்களில் பயணிகளுக்குச் சொல்லப்படும் கதைகளில் பல, ஊர்விட்டு ஊர் போய் உட்கார்ந்துகொள்கிறவை. ஆக்ராவில், தாஜ்மஹாலைக் கட்டியவர்களின் கைகளை ஷாஜகான் வெட்டினார் என்பார்கள். மாஸ்கோவில், புனித பசில் தேவாலயத்தைக் கட்டியவரின் கண்ணை இவான் மன்னர் குருடாக்கினார் என்பார்கள். பிராகில், வானியல் கடிகாரத்தைச் செய்த ஹனுஷின் கண்ணை நகர மன்றத்தார் பறித்தார்கள் என்பார்கள். மூன்று ஊர், மூன்று மதச் சூழல், ஒரே கதை. கைவெட்டுக்குச் சமகாலச் சான்று ஒன்றும் இல்லை. பிராகில் கடிகாரத்தை 1410-இல் செய்தவர் மிகுலாஷ் என்ற கடிகாரக் கலைஞர். ஹனுஷ் பிந்திய தலைமுறைக்காரர்.

இந்தக் கதைகளைச் சொல்லவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. எட்டாத அழகைக் கண்ட மக்கள், இதற்கு ஒரு கொடிய விலை கொடுக்கப்பட்டிருக்கும் என்று ஊருக்கு ஊர் ஏன் கற்பனை செய்தார்கள் என்பது பெரிய கேள்வி. அந்தக் கேள்வியை நீங்கள் எழுப்பினால் வண்டியில் திரும்பும்போதுகூட நாங்கள் அதைப் பற்றியே பேசிக்கொண்டு வருவோம். ஆனால் கதையை நடந்த செய்தியாகச் சொல்லிவிட்டால் கேள்வி அங்கேயே செத்துவிடுகிறது. கூடவே, ஓர் அரசரின் மேலும் ஒரு சமூகத்தின் மேலும் ஆதாரமில்லாத பழி ஏறுகிறது. பயணி அதை ஊருக்குக் கொண்டுபோய்ப் பத்துப் பேரிடம் சொல்கிறார். வழிகாட்டியே சொன்னார் என்கிற முத்திரையோடு சொல்கிறார். உங்கள் வாய்ச்சொல்லுக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது என்பதை நீங்கள் மறந்துவிடக் கூடாது.

பாரம்பரியச் சின்னங்களுக்கான பன்னாட்டு அமைப்பான இக்கோமாஸ் 2008-இல் கியூபெக்கில் ஒரு சாசனத்தை ஏற்றது. பாரம்பரிய இடங்களை மக்களுக்கு எப்படி விளக்க வேண்டும் என்பதற்கான சாசனம் அது. விளக்கம் முறையான ஆய்வுச் சான்றுகளின் மேல் நிற்க வேண்டும், வாழும் மரபுகளின் வாய்மொழிக்கும் அதில் இடம் உண்டு, ஆதாரங்கள் பொதுமக்களுக்கு எட்ட வேண்டும் என்பது அதன் சாரங்களில் ஒன்று. நடைமுறையில் இதற்குப் பெரிய ஏற்பாடு ஏதும் தேவையில்லை. "இது கல்வெட்டில் இருக்கிறது", "இது பிற்காலத்தவர் எழுதியது", "இது எங்கள் பாட்டி சொன்னது" என்று மூன்று விதமாகப் பிரித்துச் சொன்னால் போதும். பாட்டி சொன்னதைத்தான் நான் அதிக ஆசையோடு கேட்பேன், அது வேறு விஷயம்.

கேள்விக்கு இடம் விடுவதும் இதோடு சேர்ந்ததே. ரோமின் கொலோசியம் சுவர்களில் எங்கு பார்த்தாலும் குழிகள். பார்க்கிற எவருக்கும் இவை என்ன என்று கேட்கத் தோன்றும். கற்களைப் பிணைத்திருந்த இரும்புக் கவ்விகளை இடைக்காலத்தில் உலோகத்துக்காகப் பெயர்த்தெடுத்த தடங்கள் அவை. அந்தக் கேள்வி பயணியின் வாயிலிருந்து வருவதற்கு ஒரு நிமிட மௌனம் வேண்டும். இறங்கியதிலிருந்து ஏறும்வரை ஓயாமல் பேசும் வழிகாட்டி அந்த நிமிடத்தைக் கொடுப்பதில்லை. மனப்பாடமான உரை எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதை ஆடியோ கைடு சொல்லிவிடும். எங்கள் கண் எங்கே போகிறது என்று பார்த்து, அங்கிருந்து பேச்சைத் தொடங்குவது மனிதரால் மட்டும் முடிந்தது.

கடைகளைப் பற்றியும் பேசித்தான் ஆக வேண்டும். கம்பளம், பாப்பிரஸ், சலவைக்கல், நகை என்று ஊருக்கு ஊர் சரக்குதான் மாறுகிறது. பத்து நிமிடம் என்று உள்ளே அழைத்துப்போனால் குடிக்க ஏதாவது வரும், ஒவ்வொன்றாக விரித்துக் காட்டுவார்கள், வாங்காமல் எழுந்தால் முகங்கள் மாறும். முக்கால் மணி போய்விடும். அரைநாளில் முக்கால் மணி என்பது ஒரு முழு நினைவுச்சின்னம். இதற்கு வழிகாட்டியை மட்டும் குறை சொல்வது நியாயம் இல்லை. நிறுவனம் எங்களிடம் வாங்குவதில் வழிகாட்டியின் கைக்குப் போவது வாழ்க்கைக்குப் பற்றாதபோது, கடைக்காரர் தரும் கமிஷன்தான் சம்பளம் ஆகிவிடுகிறது. சீசன் முடிந்தால் அதுவும் இல்லை. எனவே இந்த வேண்டுகோள் நிறுவனங்களுக்கு. வழிகாட்டிக்கு உரிய ஊதியத்தைக் கொடுங்கள், விலையைக் கூட்டுங்கள், அதற்காகவே கூட்டினோம் என்று சொல்லுங்கள். நாங்கள் கொடுப்போம். கடை நிறுத்தம் உண்டு என்றால் திட்டத்தில் அச்சிடுங்கள், வேண்டாம் என்று சொல்லும் வாய்ப்பையும் கொடுங்கள். கைவினையில் ஆசை உள்ளவர்கள் எங்களில் நிறையப் பேர் உண்டு. கம்பளத்தைப் பின்புறம் திருப்பி, கையால் போட்ட முடிச்சு எப்படி இருக்கும் என்று காட்டுகிற வழிகாட்டிக்கு நன்றி சொல்வோம்.

நிறுவனங்களிடம் இன்னும் இரண்டு. தாஜ்மஹால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும், தோப்காப்பி செவ்வாய்க்கிழமை மூடியிருக்கும். இவை எல்லோருக்கும் தெரிந்த விவரங்கள். ஆனாலும் அந்த நாள்களுக்கே பதிவை ஏற்றுக்கொண்டு, வெளியிலிருந்து பார்க்கலாம் என்று அன்று காலையில் சொல்லும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. தொலைதூரத்திலிருந்து ஒரே ஒரு முறை வருபவரிடம் அப்படிச் சொல்லக் கூடாது. அதேபோல், ஹாகியா சோபியாவில் 2024 ஜனவரி முதல் வெளிநாட்டுப் பயணிகள் டிக்கெட் எடுத்து மேல்மாடத்துக்குப் போகும்படி ஏற்பாடு மாறியிருக்கிறது. மேலே ஏறியாக வேண்டும். முழங்கால் வலியோடு வரும் பெரியவருக்கு இது வாசலில் தெரியக் கூடாது, பதிவு செய்யும்போதே தெரிய வேண்டும். யார் வருகிறார்கள், எவ்வளவு நடப்பார்கள், குழந்தை உண்டா, காது மந்தமா என்று நான்கு கேள்வி முன்கூட்டியே கேட்டால், உட்கார இடமுள்ள வழியாக வழிகாட்டி கூட்டிப்போவார்.

ஊர் மக்களையும் மறக்க வேண்டாம். வெனிஸ் நகரம் 2024-இல் வழிகாட்டிகள் ஒலிபெருக்கி பயன்படுத்துவதைத் தடை செய்து, குழுவுக்கு 25 பேர் என்று வரம்பு கட்டியது. ஜப்பானில் கியோட்டோவின் கியோன் பகுதியில் அதே ஆண்டு தனியார் சந்துகளில் பயணிகள் நுழையத் தடை வந்தது. தனிச் சுற்றுலாவில் ஆட்கள் குறைவு என்பதால் நமக்குப் பொருந்தாது என்று இருந்துவிட முடியாது. குறுகிய தெருவில் ஒரு வீட்டு வாசலை மறித்துக்கொண்டு விளக்கம் கேட்பது, ஐந்து பேரானாலும் அந்த வீட்டுக்காரருக்கு இடைஞ்சல்தான்.

வழிகாட்டிகளே, உங்கள் உலகக் கூட்டமைப்பு 1985-இல் உருவானது. பிப்ரவரி 21-ஐ வழிகாட்டிகள் நாளாகக் கொண்டாடி, பல நாடுகளில் அன்று உள்ளூர் மக்களையே இலவசமாக அழைத்துப்போய் ஊரைக் காட்டுகிறீர்கள். எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் அது. அந்த நாளில் உள்ளூர்க்காரர் முன்னால் எதைச் சொல்வீர்களோ, எதைத் தயங்கித் தவிர்ப்பீர்களோ, மற்ற நாள்களில் எங்களிடமும் அப்படியே இருங்கள்.

கடைசியாக, நிறுவனங்கள் ஒரு சோதனை செய்து பார்க்கக் கேட்கிறேன். இருக்கிற பத்து இடத் திட்டம் இருக்கட்டும். அதன் பக்கத்திலேயே இரண்டு இடம் மட்டும் கொண்ட அரைநாள் திட்டம் ஒன்றைப் போடுங்கள். அதே விலை வையுங்கள். கடை கிடையாது, கடைசி அரை மணி நேரம் பயணி கேட்கும் இடத்துக்கு என்று எழுதுங்கள். எந்த இரண்டு இடம் என்பதை உங்கள் வழிகாட்டியே தேர்ந்தெடுக்கட்டும், அவருக்குப் பிடித்ததையே தேர்ந்தெடுக்கட்டும். அப்படி ஒன்று இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன், என்னோடு பயணம் செய்கிறவர்களையும் எடுக்கச் சொல்வேன்.

அன்புடன்,
பழைய ஊர்களைப் பார்க்க ஆசைப்படும் ஒரு பயணி