பாப்பாவுக்கு, மவுண்ட் ஆகாத ஃபோல்டர் பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று போனில் நீ சொன்னதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். டிஸ்க்கில் எவ்வளவு இடம் நிறைந்திருக்கிறது என்று சொல்லும் டிஎஃப் கட்டளையைப் போட்டால் சர்வர் டிஸ்க் 100 சதவீதம் நிறைந்ததாகக் காட்டுகிறது, ஃபோல்டரின் அளவைச் சொல்லும் டியூ போட்டு ஒவ்வொரு ஃபோல்டராகக் கூட்டினால் அதில் பாதிகூட வரவில்லை என்றாய். மூன்று நாளாகத் தேடுகிறேன் என்றபோது உன் குரலே கம்மிவிட்டது. இடத்தை அடைத்திருக்கும் அந்த ஃபைல்கள் எங்கும் போயிருக்காது. நெட்வொர்க் டிரைவை எந்த ஃபோல்டரில் மவுண்ட் செய்கிறாயோ, அதாவது இணைக்கிறாயோ, அதற்கு அடியிலேயே கிடக்கும் என்றுதான் எனக்குப் படுகிறது.

மவுண்ட் செய்வது தரையில் பாய் விரிப்பது மாதிரி. விரித்த பிறகு பாயில் இருப்பதுதான் கண்ணுக்குத் தெரியும். என்றைக்கோ ஒரு இரவு உன் டிரைவ் மவுண்ட் ஆகாமல் இருந்திருக்கும். எந்த டிரைவை எங்கே மவுண்ட் செய்வது என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில், டிரைவ் வராவிட்டாலும் பூட் நிற்க வேண்டாம் என்று சொல்லும் நோஃபெயில் போட்டிருக்கிறாய் அல்லவா, அதனால் சர்வர் எந்தச் சலனமும் இல்லாமல் பூட் ஆகியிருக்கும். பேக்கப் ஸ்கிரிப்ட் வழக்கம்போல ஓடி, எல்லாவற்றையும் உள்ளூர் டிஸ்க்கிலேயே எழுதியிருக்கும். மறுநாள் யாரோ மவுண்ட் செய்ததும் அத்தனையும் மறைந்துவிட்டது.

பார்க்க வழி இருக்கிறது, ஓடும் வேலையை நிறுத்தக்கூட வேண்டாம். ஒரு காலி ஃபோல்டரை உருவாக்கி, எல்லா ஃபோல்டருக்கும் மேலே இருக்கும் ரூட் ஃபோல்டரை அதில் பைண்ட் மவுண்ட் செய், அதாவது அதே ஃபோல்டரை இன்னொரு இடத்திலும் காட்டு. அதன் வழியாக உள்ளே போனால் நெட்வொர்க் டிரைவ் வராது, அடியில் இருக்கும் தரை தெரியும்.

எனக்கு இது இன்னும் மோசமாக நடந்தது. பொது டிரைவிலிருந்து இன்னொரு டிஸ்க்குக்கு ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கட்டளை மூலம் நகல் எடுத்துக்கொண்டிருந்தேன், அசலில் இல்லாததை நகலிலும் அழிக்கும் டெலிட் ஆப்ஷனோடு. ஒரு நாள் டிரைவ் மவுண்ட் ஆகவில்லை. ஆர்சிங்க் காலி ஃபோல்டரைப் பார்த்தது, மறுபக்கம் இருந்த நகல் முழுவதையும் அழித்தது. ஒரு எர்ரர்கூட வரவில்லை. அசல் பத்திரமாக இருந்ததால் தப்பித்தேன். அந்தக் காலி ஃபோல்டரைத் திரையில் பார்த்த நேரம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அதிலிருந்து மூன்று வேலை தவறாமல் செய்கிறேன், நீயும் செய். ஸ்கிரிப்ட்டின் முதல் வரியிலேயே மவுண்ட்பாயின்ட் கட்டளையால் சோதித்துவிடு, மவுண்ட் இல்லையென்றால் அங்கேயே நிற்கட்டும். டிரைவ் கழற்றியிருக்கும்போது, அதை மவுண்ட் செய்யும் காலி ஃபோல்டருக்கு சாட்டர் கட்டளையில் ‘பிளஸ் ஐ’ கொடுத்து, மாற்ற முடியாதபடி பூட்டிவிடு. அப்புறம் எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனரால்கூட அதில் எழுத முடியாது, ஆனால் மவுண்ட் செய்ய எந்தத் தடையும் இல்லை. எஃப்எஸ்டேப்பில் சிஸ்டம்டி ஆட்டோமவுண்ட் ஆப்ஷனையும் சேர்த்துவிட்டால், ஃபோல்டரைத் தொட்ட நேரத்தில் தானாக மவுண்ட் ஆகும். முடியாவிட்டால் எர்ரர் வரும். சத்தமில்லாமல் தவறான இடத்தில் எழுதுவதைவிட எர்ரர் எவ்வளவோ மேல்.

இன்னொன்று. மவுண்ட் கட்டளையிலேயே பாஸ்வேர்டை எழுதுகிறாய் என்று உன் பேச்சில் புரிந்தது. அது ஷெல் ஹிஸ்டரியில் அப்படியே தங்கிவிடும். தனி ஃபைலில் வைத்து, உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடிகிற 600 அனுமதி கொடுத்து, மவுண்ட் கட்டளையின் கிரெடென்ஷியல்ஸ் ஆப்ஷனில் அதன் பாதையைச் சொல். பழைய சேமிப்புப் பெட்டி இணையவில்லை என்று யாராவது நெட்வொர்க்கில் ஃபைல்களைப் பகிரும் எஸ்எம்பி முறையின் பழைய பதிப்பு 1 போடச் சொன்னால் கேட்காதே. 2017-ல் ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீநிரல் அந்த வழியாகத்தான் பரவியது.

சரி, இன்றைக்கு உட்கார்ந்து பார். அடியில் ஃபைல்கள் கிடைத்தால் இடம் வேண்டும் என்ற அவசரத்தில் உடனே அழித்துவிடாதே, கண்ணு. மவுண்ட் ஆகாத அந்த இரவின் பேக்கப் அங்கே மட்டும்தான் இருக்கக்கூடும். டிரைவில் இருப்பதோடு ஒப்பிட்டு, இல்லாததை நகலெடுத்த பிறகு அழி. முடிந்ததும் போன் செய், எந்நேரமானாலும் எடுப்பேன்.

அன்புடன்,
அம்மா