வரி இல்லை, தாள் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியதால் பிரிட்டனின் சாமானிய மக்கள் தலைநிமிர்ந்துவிட்டார்கள் என்றும், பெரிய கூட்டமைப்புகளில் மாட்டிக்கொண்ட எவருக்கும் அதுதான் வழி என்றும் வாதிட்ட கட்டுரையை உங்கள் நாளிதழில் படித்தோம். நாங்கள் கடலூரிலும் புதுச்சேரியிலும் ஏற்றுமதி ஆவண வேலை பார்ப்பவர்கள். உறைந்த இறால், சிப்காட் ரசாயனம், ஆயத்த ஆடை என ஐரோப்பாவுக்கும் பிரிட்டனுக்கும் போகும் சரக்கின் தாள்களோடுதான் எங்கள் பிழைப்பு. கட்டுரையாளர் நாடாளுமன்றம், இறையாண்மை, தன்மானம் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். எல்லையில் நிற்கும் லாரியைப் பற்றி ஒரு வரி இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

2017 ஜூலை 1-ல் ஜிஎஸ்டி வருவதற்கு முன் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே சரக்கு ஏற்றி இறக்கிய வியாபாரிகளுக்கு நாங்கள் சொல்லப்போவது சட்டென்று விளங்கும். ஒரு மணி நேரப் பயணம்கூடக் கிடையாது. ஆனாலும் அது மாநிலம் கடந்த விற்பனை. வாங்குபவர் சி படிவம் கொடுத்தால் 2 சதவீத மத்திய விற்பனை வரி, கொடுக்காவிட்டால் முழு வரி. அந்தப் படிவத்துக்காக மாதக்கணக்கில் நடையாய் நடக்க வேண்டும். கடைசிவரை வராவிட்டால் வித்தியாசத் தொகை விற்றவர் தலையில் விழும். இன்று 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்கு என்றால் ஒரு இ-வே பில், வண்டி கிளம்பிவிடும். ஜிஎஸ்டிக்கு வெளியே இருக்கும் மதுவுக்காக மட்டும் எல்லையில் உள்ள ஆல்பேட்டையில் இன்னும் வண்டிகளைச் சோதிக்கிறார்கள். ஜிஎஸ்டியில் சிறு வியாபாரிக்கு ஆயிரம் தொல்லை உண்டு, மறுக்கவில்லை. ஆனால் போன சி படிவம் திரும்பி வரட்டும் என்று யாரும் கேட்டு நாங்கள் பார்த்ததில்லை. பிரிட்டன் தன் மிகப்பெரிய சந்தைக்குப் போகும் வழியில் திரும்பக் கொண்டுவந்தது அப்படி ஒன்றைத்தான்.

2016 ஜூன் 23-ல் நடந்த வாக்கெடுப்பில் 51.9 சதவீதம் பேர் வெளியேற வாக்களித்தார்கள். 2020 ஜனவரி 31-ல் பிரிட்டன் வெளியேறியது. இடைக்காலம் முடிந்து 2021 ஜனவரி 1 முதல் எல்லை நிஜமாகவே எல்லையானது. அதற்கு ஒரு வாரம் முன்புதான் இரு தரப்பும் வணிக ஒப்பந்தத்தை முடித்தன: சுங்க வரியும் கிடையாது, அளவுக் கட்டுப்பாடும் கிடையாது. ‘வரி இல்லை’ என்பதைப் பலரும் ‘செலவு இல்லை’ என்று புரிந்துகொண்டார்கள். தவறு அங்கே தொடங்கியது.

ஸ்காட்லாந்திலிருந்து பிரான்சுக்கு ஒரு லாரி மீன் போவதாக வைத்துக்கொள்வோம். 2020 வரை அது கடலூர் துறைமுகத்திலிருந்து சென்னைக்கு மீன் போவது மாதிரி. பில் ஒன்று போதும். இப்போது பிரிட்டன் பக்கம் ஏற்றுமதி அறிவிப்பு, பிரான்ஸ் பக்கம் இறக்குமதி அறிவிப்பு, மீன் எந்தப் படகில் பிடிபட்டது என்ற மீன்பிடிச் சான்று, பிரிட்டனில் பிடித்த மீன்தான் என்ற பிறப்பிட உறுதிமொழி எல்லாம் வேண்டும். இவற்றுக்கு மேல் சுகாதாரச் சான்று. அங்கீகாரம் பெற்ற கால்நடை மருத்துவரோ உள்ளாட்சி உணவு அதிகாரியோ சரக்கைப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். சான்றில் ஆங்கிலம் மட்டும் இருந்தால் போதாது, எல்லைச் சோதனை நடக்கும் நாட்டின் மொழியிலும் இருக்க வேண்டும். கையெழுத்தின் மை, அச்சு மையின் நிறத்தில் இருக்கக்கூடாது. இந்தச் சட்டத்தை ஐரோப்பா பிரிட்டனுக்காகப் புதிதாக எழுதவில்லை. இந்தியா உள்ளிட்ட வெளிநாடுகளுக்கு முன்பிருந்தே உள்ள சட்டம்தான். இறால் ஏற்றுமதி செய்யும் எவருக்கும் பழகிப்போனது. பிரிட்டனும் அந்த வரிசையில் வந்து நின்றது, அவ்வளவுதான்.

கோளாறு வருவது பெரும்பாலும் கலப்புச் சரக்கில். பத்துப் பேர் மீனை ஒரே லாரியில் ஏற்றுவது சிறு வியாபாரிகளின் வழக்கம். பத்தில் ஒருவர் சான்றில் எடை தவறாக இருந்தாலும், ஒரு பக்கத்தில் முத்திரை விடுபட்டாலும், எல்லையில் நிற்பது முழு லாரி. மற்ற ஒன்பது பேர் மீனும் சேர்ந்து காயும். 2021 ஜனவரியில் நடந்தது இதுதான். அந்த மாதம் 18-ம் தேதி ஸ்காட்லாந்து மீன் வியாபாரிகள் லாரிகளை லண்டனுக்கே ஓட்டிவந்து அரசு அலுவலகங்களின் முன் நிறுத்தினார்கள். அரசு 2.3 கோடி பவுண்டு நிவாரணம் அறிவிக்க வேண்டியதாயிற்று.

மீனவர்களின் மனக்குறை பொய்யல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். தங்கள் கடலில் அயல்நாட்டுப் படகுகளுக்கு எவ்வளவு பங்கு என்பதை 1983-ல், அதற்கு முந்தைய பிடிப்புக் கணக்கை வைத்து ஐரோப்பா வகுத்தது. அதில் நியாயம் இல்லை என்று அவர்கள் பல ஆண்டுகள் குமுறினார்கள். வெளியேறிய பின் கிடைத்தது என்ன? பிரிட்டன் கடலில் ஐரோப்பியப் படகுகள் பிடித்துவந்த மீனின் மதிப்பில் 25 சதவீதம், ஐந்தரை ஆண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாறும் என்பது ஏற்பாடு. அந்தக் கூடுதல் பங்கில் பெரும்பகுதி கானாங்கெளுத்தி போல, பெரிய கப்பல்கள் பிடிக்கும் மீனுக்குப் போனது. கரையோரச் சிறுபடகுக்காரர் பிடிப்பது நண்டு, சிங்கி இறால், மட்டி, சிப்பி. இவற்றில் பெரும்பாலானவற்றுக்குப் பங்கீடே கிடையாது, ஆகவே புதிதாகக் கிடைக்கவும் ஒன்றும் இல்லை. அவர்களுக்கு வேண்டியது சந்தை. அது பிரான்சிலும் ஸ்பெயினிலும் இருந்தது.

சிப்பி, மட்டி பிடிப்பவர்களுக்கு விழுந்த அடியைச் சற்று விளக்க வேண்டும். கடல்நீரின் சுத்தத்தை வைத்து அறுவடைப் பகுதிகளை ஏ, பி, சி என்று பிரிப்பார்கள். பி பகுதியில் எடுத்ததை உயிரோடு சுத்திகரிப்புத் தொட்டியில் போட்டு, பிரிட்டன் வழக்கப்படி குறைந்தது 42 மணி நேரம் வைத்த பிறகே சாப்பிட விற்கலாம். முன்பு பிரிட்டனில் எடுத்ததை அப்படியே லாரியில் ஏற்றுவார்கள். சுத்திகரிப்பு நெதர்லாந்திலோ பிரான்சிலோ, வாங்குபவரின் தொட்டியில் நடக்கும். ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டிலிருந்து பி பகுதிச் சிப்பி சுத்திகரிக்காமல் உயிரோடு வரக்கூடாது என்பது ஐரோப்பியச் சட்டம். ஆகவே 2021-ல் பி பகுதிச் சரக்கு ஒரேயடியாக நின்றது. பிரிட்டனிலேயே தொட்டி கட்டி அனுப்பலாமே என்று கேட்கலாம். அதில் இரண்டு நாள் போய்விடும். உயிரோடு இருக்கும் நாள்கள் அந்த அளவுக்குக் குறைந்த சரக்குக்கு நல்ல விலை கிடைக்காது. தொட்டிக்கான முதலீடும் சிறுபடகுக்காரரின் சக்திக்கு மீறியது.

இந்தச் செலவுகளின் குணமே இப்படித்தான். சான்றுக்கு ஆகும் கட்டணம் 20 டன்னுக்கும் ஒன்றுதான், 200 கிலோவுக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். பெரிய நிறுவனத்துக்குக் கிலோவுக்குப் பைசாக் கணக்கு. சிறியவருக்கு அது லாபம் முழுவதையும் விழுங்கும். புதிய ஒப்பந்தத்துக்குப் பின் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்வதையே நிறுத்திவிட்ட பிரிட்டன் நிறுவனங்கள் சுமார் 16,400 என்று லண்டன் பொருளாதாரக் கல்லூரி ஆய்வு கணக்கிட்டது. பெரிய நிறுவனங்களின் வணிகம் அவ்வளவாகக் குறையவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. ‘சாமானியனுக்கு விடுதலை’ என்ற வாதத்தை நாங்கள் ஏற்காததற்கு முதல் காரணம் இது.

இரண்டாவது காரணம், பிறப்பிட விதி. வரி இல்லை என்பது பிரிட்டனில் உருவான பொருளுக்கு மட்டும். நம் ஊர் இறால் பிரிட்டனில் இறங்கி, அங்கே வேறு பையில் அடைக்கப்பட்டு, டப்ளின் கடைக்குப் போனால் அயர்லாந்தில் மறுபடி சுங்க வரி கட்ட வேண்டும். பை மாற்றினால் பிறப்பிடம் மாறாது. வீட்டுக்கு வரும் பார்சலும் தப்பாது. லண்டன் ஈஸ்ட்ஹாம் கடையில் காஞ்சிபுரம் பட்டு எடுத்து, பாரிஸ் லா ஷப்பேல் பக்கம் இருக்கும் அக்காவுக்குக் கடைக்காரர் மூலம் அனுப்பினால், கடைக்காரர் முன்கூட்டியே கட்டாவிட்டால் அக்கா வாசலில் பிரெஞ்சு மதிப்புக் கூட்டு வரி 20 சதவீதமும் கூரியர்காரரின் சுங்கக் கட்டணமும் கட்டித்தான் வாங்க வேண்டும். சுங்க வரியும் சேரலாம். 2020 வரை இதில் எதுவும் இல்லை.

சிப்காட் நிறுவனங்களின் கதை இன்னும் சிக்கலானது. ஆண்டுக்கு 1 டன் அல்லது அதற்கு மேல் ஐரோப்பாவுக்குப் போகும் ரசாயனத்தை ஹெல்சிங்கியில் உள்ள ஐரோப்பிய ரசாயன முகமையில் பதிந்தாக வேண்டும். இந்தியத் தயாரிப்பாளர் நேரடியாகப் பதிய முடியாது. ஒன்றியத்துக்குள் இருக்கும் பிரதிநிதி ஒருவர் வழியாகத்தான் முடியும். பிரிட்டன் ஆலோசகரைப் பிரதிநிதியாக வைத்திருந்தவர்கள், 2020 முடிவதற்குள் வேறு உறுப்பு நாட்டுப் பிரதிநிதிக்கு மாற்றாவிட்டால் பதிவு செல்லாது என்ற நிலை. பிரிட்டனுக்கோ தனிப் பதிவு, தனிப் பிரதிநிதி. ஹெல்சிங்கியில் குவிந்திருந்த நச்சுத்தன்மை ஆய்வுத் தரவு பிரிட்டனுக்குக் கிடைக்கவில்லை. அதே தரவை உரிமையாளர்களிடம் மறுபடி காசு கொடுத்து வாங்கித் தாருங்கள் என்று நிறுவனங்களைக் கேட்டார்கள். அந்தச் செலவு தாங்காது என்று பிரிட்டன் அரசே கெடுவைத் தள்ளிவைத்துக்கொண்டு வருகிறது. இதற்கு நடுவே வட அயர்லாந்துக்கு மட்டும் ஐரோப்பியப் பதிவே செல்லும். ஒரே நாட்டுக்குள் இரண்டு சட்டம்.

விலைவாசிக்கு வருவோம். கொரோனாவும் உக்ரைன் போரும் சேர்ந்துகொண்டதால் எதற்கு எது காரணம் என்று பிரிக்க முடியாது என்பார்கள். முடியும். ஐரோப்பாவிலிருந்து அதிகம் வருகிற, புதிய தாள் வேலை அதிகம் விழுந்த உணவுகளின் விலையையும், அப்படி விழாத உணவுகளின் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். போரும் நோயும் இரண்டையும் தாக்கும். எல்லைத் தாள் ஒன்றை மட்டும் தாக்கும். அப்படிப் பார்த்த லண்டன் பொருளாதாரக் கல்லூரி ஆய்வாளர்கள், 2021 முடிய இரண்டே ஆண்டுகளில் ஒரு குடும்பத்தின் உணவுச் செலவு சராசரியாக 210 பவுண்டு கூடியதற்கு வெளியேற்றமே காரணம் என்றார்கள். சம்பளத்தில் பெரும்பங்கை உணவுக்குச் செலவிடும் ஏழைக்குத்தான் இது கூடுதலாக வலிக்கும். ஒன்றியத்தில் இருந்திருந்தால் எட்டியிருக்கக்கூடிய உற்பத்தித் திறனைவிட நாளடைவில் 4 சதவீதம் குறையும் என்பது பிரிட்டன் அரசின் வரவுசெலவுக் கணிப்பு அலுவலகம் வைத்திருக்கும் மதிப்பீடு.

நன்மையே இல்லையா? உண்டு. மாதவிடாய்ப் பொருள்கள் மீதான 5 சதவீத வரியை 2021 ஜனவரி 1-ல் பிரிட்டன் நீக்கியது. முன்பு ஐரோப்பிய விதி அதைத் தடுத்தது. 2025-ல் அமெரிக்கா விதித்த பொதுவான வரி ஐரோப்பாவுக்கு 15 சதவீதம், பிரிட்டனுக்கு 10. இந்தியாவோடு 2025 ஜூலை 24-ல் தனி வணிக ஒப்பந்தம் போட முடிந்ததும் வெளியேறியதால்தான். அது நம் இறாலுக்கும் தோலுக்கும் ஆடைக்கும் நல்லது, எங்களுக்கும் மகிழ்ச்சி. ஆனால் அதனால் பிரிட்டன் பொருளாதாரம் நாளடைவில் 0.13 சதவீதம் பெருகும் என்பது அந்த அரசே போட்ட கணக்கு. 4-ஐ இழந்தவர் கையில் 0.13. ஐரோப்பாவும் 2026 ஜனவரியில் இந்தியாவோடு வணிக ஒப்பந்தப் பேச்சை வெற்றிகரமாக முடித்துவிட்டது.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. 1962-ல் இந்தியாவோடு சட்டப்படி இணைப்பு நடந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொண்ட குடும்பங்களின் பிள்ளைகள், 2020 வரை பிரெஞ்சு பாஸ்போர்ட்டோடு லண்டனில் இறங்கி மறுநாளே வேலைக்குப் போகலாம். ஏற்கெனவே அங்கே குடியிருந்தவர்கள் 2021 ஜூன் 30-க்குள் குடியமர்வு உரிமைக்கு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. இப்போது போகிறவருக்கு மற்ற இந்தியரைப் போலவே வேலை விசா வேண்டும். சும்மா பார்த்துவரப் போனாலும் 2025 ஏப்ரல் 2 முதல் இணையத்தில் முன்அனுமதி வாங்க வேண்டும். பிரெஞ்சு அடையாள அட்டையைக் காட்டி நுழையும் வழியும் பெரும்பாலோருக்கு 2021 அக்டோபரில் மூடப்பட்டது. குடியேற்றம் குறையும் என்று நம்பி வாக்களித்தவர்களுக்கும் நினைத்தது நடக்கவில்லை. ஐரோப்பியர் வரவு குறைந்து மற்ற நாட்டவர் வரவு கூடியது. 2023 ஜூன் வரையிலான ஓராண்டில் நிகர குடியேற்றம் 9 லட்சத்தைத் தாண்டியது.

கட்டுரையாளர் மிகவும் உயர்த்திப் பேசிய ‘நம் சட்டத்தை நாமே எழுதுவோம்’ என்பது எங்கே போய் நின்றது என்பதையும் பார்க்க வேண்டும். 2025 மே 19-ல் பிரிட்டனும் ஐரோப்பாவும் உணவு, தாவரம், விலங்கு தொடர்பான சான்றுகளைக் குறைக்க ஓர் உடன்பாட்டுக்குக் கொள்கையளவில் இசைந்தன. அதற்கு விலை, அந்தத் துறைகளில் ஐரோப்பா மாற்றும் விதிகளை பிரிட்டனும் அவ்வப்போது மாற்றிக்கொள்வது. முன்பு அந்த விதிகளை எழுதும் மேசையில் பிரிட்டனுக்கு வாக்கு இருந்தது, இனி இருக்காது. ஐரோப்பியப் படகுகளுக்கான அனுமதியையும் அன்றே 2038 ஜூன் வரை நீட்டித்தார்கள்.

எங்கள் வேண்டுகோள் ஒன்று. இங்கிருந்து சரக்கு அனுப்பும் சிறு நிறுவனங்களில் பலர் இன்னும் ‘ஐரோப்பா’ என்றால் பிரிட்டனும் சேர்த்தி என்றே நினைக்கிறார்கள். ஒரே கொள்கலனில் நெதர்லாந்தின் ராட்டர்டாமுக்கும் பிரிட்டனுக்கும் சேர்த்து ஏற்றி, ஒரே சுகாதாரச் சான்று எடுத்துவிட்டுப் பிறகு தவிக்கிறார்கள். இரண்டுக்கும் சான்றின் மாதிரி வேறு, இறக்குமதியாளர் முன்னறிவிப்பு கொடுக்கும் இணையதளம் வேறு, சுங்கப் பதிவெண் வேறு. தவறான மாதிரியில் எடுத்த சான்றைச் சரக்கு கடலில் இருக்கும்போது மாற்றி வாங்குவது பெரும்பாடு. துறைமுகத்தில் குளிர்பெட்டிக்கான மின்கட்டணமும் தாமதக் கட்டணமும் நாள்தோறும் ஏறிக்கொண்டே போகும். உங்கள் வணிகப் பக்கத்தில் பிரிட்டன் விதி மாற்றங்களையும் ஐரோப்பிய விதி மாற்றங்களையும் தனித்தனியாக, தேதியோடு வெளியிட்டால் பெரிய உதவியாக இருக்கும். 2025 மே மாத உடன்பாடு நடைமுறைக்கு வரும்போது இவற்றில் சில மறுபடி மாறக்கூடும். அப்போதும் இந்தியச் சரக்குக்கு எது மாறுகிறது, எது மாறவில்லை என்பதைப் பிரித்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஏற்றுமதி ஆவணப் பணியாளர்கள் சிலர்,
கடலூர் முதுநகர், புதுச்சேரி.