தென்னை விவசாயிகள் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தது. அதன் பிறகு பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் நட்ட நெட்டை ரகத் தென்னங்கன்றுகள் இப்போதுதான் பாளை விடுகின்றன. நெட்டை காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் பிடிக்கும். அதுவரை, 45 நாளுக்கு ஒரு வெட்டு என்று ஊருக்குள் புரண்டுகொண்டிருந்த பணம் நின்றுபோயிற்று. மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் நிவாரணம் அறிவித்தார்கள். பட்டாவும் அடங்கலும் (கிராமப் பயிர்க் கணக்கு) சரியாக இருந்தவர்களுக்கு வந்தது. மரம் ஏறுபவர், மட்டை உரிப்பவர், கீற்று முடைபவர் பெயர் எந்த அடங்கலில் இருக்கிறது?

இவ்வாண்டு கூட்டங்களில் அதிகம் பேசியது காண்டாமிருக வண்டைப் பற்றித்தான். புயலில் சாய்ந்த தடிகள் மக்கியபோது பெருகிய வண்டு இன்று எருக்குழிகளில் இருக்கிறது. விரிந்த மட்டையில் கத்தரித்தாற்போல் முக்கோண வெட்டு தெரிந்தால் குருத்துக்குள் துளை இருக்கும்; கம்பிக் கொக்கியால் வண்டைக் குத்தி எடுக்க வேண்டும். இளங்கன்றானால் உள்குருத்தின் மூன்று மட்டை இடுக்குகளில் பாச்சா உருண்டை மூன்று, 45 நாளுக்கு ஒருமுறை. எருக்குழிக்கு 250 மில்லி மெட்டாரைசியம் (வண்டின் புழுவைக் கொல்லும் பூஞ்சை) கரைசலை 750 மில்லி தண்ணீரில் கலந்து தெளிக்கவும். ஒரு கிலோ ஆமணக்குப் புண்ணாக்கை 5 லிட்டர் தண்ணீரில் ஊறவைத்துப் பானையில் வைத்தாலும் வண்டு வந்து விழும். பக்கத்துத் தோப்பு எருக்குழி திறந்து கிடந்தால் இத்தனையும் வீண். எனவே தெருவாரியாக ஒரே வாரத்தில் செய்யுங்கள்.

புதிதாக நடுபவர்கள் 25-க்கு 25 அடி, ஏக்கருக்கு 70 கன்று என்ற கணக்கை மீற வேண்டாம். நெருக்கி நட்டால் மரம் வெளிச்சம் தேடி ஒல்லியாக ஓங்கிவிடும். மூன்றடிக் குழியில் இரண்டடி உயரத்துக்குத் தொழு உரம், செம்மண், மணல் சம அளவில் நிரப்பி நடவும். இளந்தோப்பில் உளுந்து, கடலை போடலாம். வாழையை மட்டும் நம்ப வேண்டாம்; காற்றுக்கு முதலில் சாய்வது அதுதான்.

புயல் எச்சரிக்கை வந்தவுடன் பாசனத்தை நிறுத்துங்கள். ஈரம் ஊறிய மண் வேரைப் பிடிக்காது. முற்றிய காய்களையும் அடிமட்டைகளையும் இறக்கினால் தலைப்பாரம் குறையும்.

காப்பீடு: நெட்டைக்கு ஏழாம் வயதிலிருந்துதான் சேர முடியும். 2019 கன்றுகளுக்கு இது அந்த வருஷம். குறைந்தது ஐந்து மரம் வேண்டும். குட்டை, ஒட்டு ரகங்கள் 4 வயதிலிருந்தே சேரலாம். இழப்பீடு 15 வயது வரை மரத்துக்கு 900 ரூபாய், அதற்கு மேல் 1,750 ரூபாய். பிரீமியம் மரத்துக்கு வருஷத்துக்கு முறையே 9, 14 ரூபாய். முக்கால் பங்கு அரசு மானியம். ஒரு டீக்காசுகூட இல்லாத தொகைக்கு யோசிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சேருமுன் அடங்கலில் மர எண்ணிக்கை ஏறியிருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோப்புக் கூலித் தொழிலாளர் பட்டியல் ஒன்றைச் சங்கமே வைத்திருந்து, பேரிடர் நேரத்தில் வட்டாட்சியரிடம் கொடுப்பது என்ற தீர்மானம் ஒப்புதலுக்கு வைக்கப்படுகிறது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

செயலாளர்