மணலைத் தவிர என்ன இருக்கிறது என்று கேட்ட ஆசிரியருக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார இணைப்பில் உலகத்து இயற்கை அதிசயங்கள் பற்றிய கட்டுரையைப் படித்தேன். பொலிவியாவின் உயுனி உப்புவெளி, ஆஸ்திரேலியாவின் பவளத்திட்டு, வட அயர்லாந்தின் அரக்கன் பாதை, அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் என்று படங்கள் அத்தனையும் அருமை. தாளும் வழுவழுப்பு. அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. கடைசிப் பக்கத்தில் நம் மாநிலத்துக்கென்று ஒரு பெட்டிச் செய்தி போட்டிருந்தீர்கள். ஊட்டி இருந்தது, கொடைக்கானல் இருந்தது, ஒகேனக்கல் இருந்தது. எங்களுக்கு ஒரே ஒரு வரி: "ராமநாதபுரம் போன்ற தண்ணியில்லாக் காட்டில் மணலையும் கருவேல மரத்தையும் தவிர பார்க்க என்ன இருக்கிறது?"

எழுதியவர் தமாஷுக்கு எழுதியிருப்பார், சரி. அதைப் படித்துப் பார்த்து, பிழை திருத்தி, பக்கம் கட்டி, அச்சுக்கு அனுப்பிய இத்தனை பேரில் ஒருவருக்கும் அது உறுத்தவில்லையே. அதுதான் என்னை உறுத்துகிறது.

நான் ராமேஸ்வரத்தில் சங்கு, சிப்பி விற்கிற கடை வைத்திருக்கிறேன். தங்கள் இதழ் எங்கள் வீட்டுக்கு அப்பா காலத்திலிருந்து வருகிறது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர். என் மாமியார் வீடு தனுஷ்கோடிப் பக்கம். அங்கே கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் மணலில் ஊற்று தோண்டி வைத்திருப்பார்கள். இடுப்பளவுதான் ஆழம். அத்தை குழிக்குள் இறங்கிக் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, சிரட்டையால் மேலாக மொண்டு குடத்தில் ஊற்றுவார். அடிமணலைக் கிளறினால் திட்டு விழும். ஒரு குடம் நிறைந்ததும் மறுபடி ஊறும் வரை ஊர்க்கதை பேசிக்கொண்டு காத்திருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கடல், நடுவில் உப்புக் கரிக்காத தண்ணீர். பெய்த மழை மணலில் இறங்கி, அடியிலிருக்கிற கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. அதனால்தான் ஆழமாகத் தோண்ட விடமாட்டார்கள். ஆசைப்பட்டு மோட்டார் வைத்து உறிஞ்சினால் கீழேயுள்ள உப்பு ஏறிவிடும். அப்புறம் யாருக்கும் இல்லை. தங்கச்சிமடம் வில்லூண்டி தீர்த்தத்தில் கடலுக்குள்ளேயே கிணறு இருக்கிறது. பாலத்தில் நடந்து போய் வாளி விட்டு இறைத்துக் குடிக்கலாம். உயுனியில் மழை பெய்தால் உப்புவெளி கண்ணாடி ஆகிவிடுகிறது என்று முழுப்பக்கப் படம் போட்டீர்கள். நல்ல காட்சிதான். ஆனால் அந்தத் தண்ணீரைக் குடிக்க முடியுமா?

தண்ணியில்லாக் காடு என்ற பேச்சு தாங்கள் ஆரம்பித்ததல்ல, தெரியும். சினிமாவில் போலீஸ்காரரை மிரட்ட வேண்டுமானால் எங்கள் மாவட்டத்துக்குத்தான் தூக்கியடிப்பார்கள். நிஜத்திலும் மாறுதலாகி வருகிற அதிகாரிகள் சிலர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்து இறங்குவார்கள். ஊரை விட்டுப் போகும்போது குடும்பத்தோடு கடைக்கு வந்து சங்கு வாங்குவார்கள். "உங்க ஊரு இவ்வளவு நல்லா இருக்கும்னு எனக்கு யாருமே சொல்லலையே" என்று அப்படி ஒருவர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். யார் சொல்ல வேண்டும் என்பதைத் தங்கள் யோசனைக்கே விடுகிறேன்.

அரக்கன் பாதைக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். சுமார் ஆறு கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு ஆறிச் சுருங்கி, வெடிப்பு விட்டு, சுமார் 40,000 தூண்களாக நிற்கிற கதை. கூடவே ஃபின் மக்கூல் என்ற அரக்கன் ஸ்காட்லாந்துக்காரனோடு சண்டை போடக் கடலில் பாதை போட்ட கதையையும் ரசித்து எழுதியிருந்தீர்கள். அவர்களுக்குக் கதையும் வேண்டும், கல்லும் வேண்டும். இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டுகிறார்கள். கடலில் பாதை போட்ட கதை எங்களிடமும் இருப்பது தங்களுக்குத் தெரியாததா? அதைப் பற்றித் தங்கள் இதழில் வருவதெல்லாம் கோர்ட்டுச் செய்தி, இல்லாவிட்டால் கட்சிக்காரர்கள் சண்டை. தனுஷ்கோடிக்கும் இலங்கையின் தலைமன்னாருக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டருக்கு அந்த மணல் திட்டுகள் எப்படி வந்தன, எப்படி இன்னும் நிற்கின்றன என்று ஒரு பத்தி எழுத யாருக்கும் மனம் வரவில்லை.

மணல்தானே என்கிறீர்கள். எங்கள் மணல் சும்மா கிடக்கிற மணல் அல்ல. தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல், வடக்கே பாக் நீரிணை பெண் கடல் என்போம். தெற்கேயிருந்து சோழகக் காற்று அடித்தால் ஆண் கடல் எகிறும், பெண் கடல் குளம் கட்டி நிற்கும். வாடை வந்துவிட்டால் எல்லாம் தலைகீழ். பாம்பன் பாலத்தடியில் நீரோட்டமே திசை மாறி ஓடும். இரண்டு கடலும் மாறி மாறித் தள்ளுகிற மணல்தான் தனுஷ்கோடிக் கோடியிலிருக்கிற அரிச்சல்முனை. ஆடியில் பார்த்த முனை தையில் இருக்காது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன் பனியுகம் உச்சத்தில் இருந்தபோது கடல்மட்டம் இன்றைக்கு விடச் சுமார் 120 மீட்டர் கீழே இருந்தது. பாக் நீரிணையில் பெரும்பாலான இடங்களில் பதினைந்து மீட்டர் ஆழம்கூடக் கிடையாது. கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ளுங்கள். மன்னாருக்குக் கால்நடையாகப் போகலாம்.

2025 ஏப்ரலில் புதிய பாம்பன் பாலம் திறந்தபோது ஊரே கேமராவாக இருந்தது. பாலம் மேலே ஏறுவதை எத்தனை கோணத்தில் எடுத்தார்கள்! அடியில் ஓடுகிற தண்ணீரை ஒருவரும் எடுக்கவில்லை. அதை விட்டால் டிசம்பர் 22. புயல், கடல் கொண்டுபோன ரயில், இடிந்த சர்ச். 1964இல் செத்தவர்களில் எங்கள் சொந்தமும் உண்டு, மறக்கச் சொல்லவில்லை. ஆனால் வருடாவருடம் அந்த ஒரே படத்தைப் போட்டு எங்களை இழவு வீடாகவே காட்ட வேண்டுமா?

அந்தச் சர்ச்சுக்குக் கிட்டே போய்ப் பார்த்ததுண்டா? பூச்சு உதிர்ந்த இடத்தில் கல் தேன்கூடு மாதிரி கண்கண்ணாக இருக்கும். அத்தனையும் பவளம். என் அப்பா இளவயதில் வத்தை என்கிற படகில் போய்ப் பவளக்கல் எடுத்தவர். கடல் வற்றும் நேரம் பார்த்து இறங்கி, கடப்பாரையால் பெயர்த்து ஏற்றி வருவார்கள். சுண்ணாம்புக் காளவாய்க்குப் போகும், சுவர் வைக்கப் போகும், சிமெண்டுக்கும் போனது. விளைவு தாங்கள் அறியாததல்ல. அலையைத் தடுத்த பவளம் போனதும் தீவுகள் கரைய ஆரம்பித்தன. மன்னார் வளைகுடாவில் இருந்த 21 தீவுகளில் கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டியும் தூத்துக்குடிப் பக்கம் விலாங்குச்சல்லியும் தண்ணீருக்குள் போயே போய்விட்டன. 2001இல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள். புலியும் அந்த அட்டவணையில்தான் இருக்கிறது. இது தெரியாமல் கடைக்கு வருகிறவர்கள் "அண்ணே, மிதக்குற கல்லு உள்ள வச்சிருப்பீங்களே" என்று கண்ணைச் சிமிட்டுகிறார்கள். அவர்கள் கேட்கிற அந்தக் கல்லும் பவளம்தான். இல்லையென்றால் கோபம் வருகிறது. அவர்களிலும் தங்கள் வாசகர்கள் இருப்பார்கள்.

ஆஸ்திரேலியாவில் 2016இல் பவளம் வெளுத்ததை எவ்வளவு உருக்கமாக எழுதியிருந்தீர்கள். தண்ணீர் சூடேறினால் பவளம் தனக்குள் வாழும் பாசியைத் துப்பிவிடும், நிறமும் போய்விடும், சோறும் போய்விடும். அதே 2016இல் மன்னார் வளைகுடாவிலும் அதே கதைதான். தங்கள் இதழில் ஒரு வரி வந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அரக்கன் பாதையை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது 1986 என்று சரியாகப் போட்டிருக்கிறீர்கள். எங்கள் தீவுகளும் அதே 1986இல்தான் கடல்சார் தேசியப் பூங்கா ஆயின. 1989இல் உயிர்க்கோளக் காப்பகமும் வந்தது. குருசடைத் தீவின் பாலனோகுளோசஸ் புழுவை விலங்கியல் படித்தவர்கள் எல்லாரும் பரீட்சையில் படம் வரைந்து மார்க் வாங்கியிருப்பார்கள். தீவு எங்கே இருக்கிறதென்று கேட்டால்தான் முழிப்பார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எங்கள் தீவின் வடக்குக் கரையில் கடல்மட்டத்துக்கு மேலே, காய்ந்த தரையில், செத்த பவளப்பாறை நிற்கிறது. எங்கோ இருந்து அலை கொண்டுவந்து போட்டதல்ல, வளர்ந்த இடத்திலேயே நிற்பது. கேம்பிரிட்ஜிலிருந்து டேவிட் ஸ்டோடார்ட் என்ற புவியியலாளர் வந்து, கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்து சி.எஸ். கோபிநாத பிள்ளையோடு சேர்ந்து, 1972இல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதினார். பாறைக்கு வயது சுமார் 4,000 ஆண்டு. அன்றைக்குக் கடல் இன்னும் மேலே நின்றது என்பதற்கு அதுதான் சாட்சி. லண்டனில் அச்சான அந்தக் கட்டுரையின் தலைப்பில் ராமநாதபுரம் என்றே இருக்கிறது. சென்னையில் அச்சாகிற பத்திரிகைக்குத்தான் எங்களைத் தெரியவில்லை. இப்போது அதன் மேல் வலை காயப்போடுகிறோம், குப்பையும் விழுகிறது. இன்னதென்று சொல்ல நான் பார்த்த வரையில் ஒரு பலகைகூடக் கிடையாது.

முன்பு ஒருமுறை அரிச்சல்முனைப் படத்தைப் போட்டுக் கன்னியாகுமரி என்று எழுதியிருந்தீர்கள். அதற்கும் கடிதம் போட்டேன், வெளியிடவில்லை. பரவாயில்லை, இடப் பற்றாக்குறையாக இருக்கும்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த இணைப்பில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் போடுங்கள், மூலையில் சின்ன எழுத்தில் இருந்தாலும் போதும். அதை எழுதியவரை இங்கே அனுப்பினால் இன்னும் நல்லது. ஆனி, ஆடிச் சோழகத்தில் வேண்டாம், மணல் கண்ணில் அடிக்கும். மாசி, பங்குனியில் வரட்டும். சாப்பாடு நம் வீட்டில். தண்ணீர் பாட்டில் கொண்டுவர வேண்டாம்.

இப்படிக்கு,
சங்குக் கடைக்காரர்,
ராமேஸ்வரம்.

பி.கு.: ஞாயிறு இணைப்பு எங்கள் தீவுக்குச் செவ்வாய்க்கிழமைதான் வந்து சேருகிறது. ஏஜெண்டைக் கேட்டால் மேலே கேட்கச் சொல்கிறார். அதையும் கொஞ்சம் கவனியுங்கள்.