பழைய லாரியும் பதினெட்டுப் பல்லும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் வாசகர் கடிதப் பகுதியில் சேலத்து அன்பர் ஒருவர் பழைய லாரிகள் மேல் கோபப்பட்டு, அவற்றை உடைக்கப் போட வேண்டும் என்று எழுதியிருந்தார். ஏற்காடு அடிவாரத்தில் டீக்கடை வாசலில் நின்ற மூன்று லாரிகளுக்குள் எட்டிப் பார்த்தாராம். மூன்றிலும் வேகம் காட்டும் முள் பூஜ்யத்திலேயே கிடந்ததாம். நிற்கிற வண்டியில் முள் வேறெங்கே இருக்கும் என்று சிரித்துவிட்டேன். ஆனால் டிரைவர்களிடமும் கேட்டிருக்கிறார், மூன்று பேருமே "அது ஓடாதுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள் என்று அடுத்த வரியில் இருந்தது. அதைப் படித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. ஏனென்றால் எங்கள் வண்டி மீட்டரும் இரண்டரை வருஷம் ஒழுங்காக ஓடவில்லை.

எங்களுடையது 1994 மாடல், ஆறு டயர் லாரி. ஓட்டுவது என் வீட்டுக்காரர், கணக்கு எழுதுவது நான். கார்த்திகை மார்கழியில் தொடங்கி மாசி வரை சேர்வராயன் மலைத் தோட்டங்களில் காபி எடுப்பு, அதை ஒட்டி மிளகு. அந்த மாதங்களில் மேலே போகும்போது உரம், சிமென்ட், மளிகை. இறங்கும்போது காபி மூட்டை. மற்ற நாளில் ஈரோடு, பெங்களூரு என்று எது கிடைக்கிறதோ அது. வருஷா வருஷம் எஃப்.சி. (வண்டி ஓடத் தகுதியானது என்ற சான்று) காட்டுகிறோம். எட்டு வருஷம் தாண்டிய லாரிக்கு ஆண்டுதோறும் காட்டியாக வேண்டும் என்பது அன்பருக்குத் தெரிந்திருக்கும்.

வண்டிகளை உடைக்கப் போடச் சொல்கிறாரே, அங்கேதான் எனக்கு ஒப்பவில்லை. மீட்டர் நின்றதற்கு வண்டியின் வயது காரணமில்லை. அரை நெல்லிக்காய் அளவுள்ள ஒரு பிளாஸ்டிக் பல் சக்கரம்தான் காரணம். அதைக் கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டரை வருஷம் ஆனது எங்கள் மெத்தனம். அந்தக் கதையை எழுதினால் அந்த மூன்று டிரைவர்களில் ஒருவருக்காவது உதவும் என்றுதான் பேனா எடுத்தேன்.

என் நோட்டில் நான்கு பத்தி உண்டு. தேதி, லோடு, கிலோமீட்டர், டீசல். எங்கள் மீட்டரில் ஐந்து இலக்கம்தான். லட்சம் தாண்டினால் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும், அதனால் எத்தனையாவது சுற்று என்பதையும் குறித்து வைப்பேன். நாலாவது சுற்றில் 61,348-ல் நின்றது. அன்றைக்கு வீட்டுக்காரர் ஏற்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கிலோமீட்டர் எண்ணும் சக்கரமும் நின்றது, வேக முள்ளும் விழுந்தது.

பார்த்த பட்டறையில் மீட்டரே போய்விட்டது என்று 2,400 ரூபாய்க்குப் புதிய மீட்டர் மாட்டினார்கள். ஓடவில்லை. கியர் பாக்ஸிலிருந்து வந்து மீட்டரைச் சுற்ற வைக்கும் கம்பி, மீட்டர் ஒயர் என்பார்கள், அது போயிருக்கும் என்று அதையும் மாற்றினார்கள். அப்போதும் ஓடாமல் போகவே கடைசியில் கியர் பாக்ஸில் இருந்த பல் சக்கரத்தை மாற்றினார்கள். ஓடியது. எஃப்.சி.யும் காட்டிவிட்டோம். இரண்டு மாதம்தான், மறுபடி நின்றது. அடுத்த வருஷம் எஃப்.சி.க்கு முன்னால் இன்னொரு பல் சக்கரம். அது பதினோரு நாள். "பழைய வண்டிங்க, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். நாங்களும் சரி என்று விட்டுவிட்டோம். இதைப் பத்திரிகையில் ஒப்புக்கொள்ள வெட்கமாகத்தான் இருக்கிறது. வண்டியில் வேகமானி இருக்க வேண்டும் என்று 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளில் 117-வது விதியே சொல்கிறது. காட்டுகிற அன்றைக்கு மட்டும் ஓடினால் போதும் என்று அந்த விதி எழுதியவர் நினைத்திருக்க மாட்டார்.

மலையில் மீட்டர் எதற்கு, காது போதும் என்பது வீட்டுக்காரர் கட்சி. இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி இரண்டாவது கியரில்தான் இறங்குகிறது, இன்ஜின் சத்தமே வேகத்தைச் சொல்லிவிடும் என்பார். மலைக்கு அது சரி, நானும் மறுக்கவில்லை. ஆனால் தொப்பூர் இறக்கம் முடிந்து அகலமான ரோட்டில் எழுபதில் வந்துவிட்டு ஊருக்குள் திரும்பும்போது காது பொய் சொல்லும். ஐம்பதில் போனாலும் நடக்கிற மாதிரி இருக்கும். ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்து என் செல்போனில் பார்த்தேன். "முப்பதுல போறேன்" என்றார், போன் 48 காட்டியது. அதற்கப்புறம் இரண்டு நாள் எங்களுக்குள் பேச்சில்லை.

என்னை நோகடித்தது இன்னொன்று. போன குளிர்காலத்தில் டீசல் செலவு ஏறிக்கொண்டே போனது. கிலோமீட்டர் பத்தி காலியாக இருந்தால் லிட்டருக்கு எத்தனை கொடுத்தது என்று எப்படிச் சொல்வது? ஓட்டம் அதிகமா, திருட்டா, இன்ஜின் கோளாறா என்று மூன்று மாதம் யோசித்தோம். கடைசியில் டீசல் பைப்பில் கசிவு. மீட்டர் ஓடியிருந்தால் ஒரே வாரத்தில் நோட்டு காட்டிக் கொடுத்திருக்கும். ஆயில் மாற்றுவதும் அப்படித்தான், குத்துமதிப்பு.

இந்த வருஷம் நான் பிடிவாதம் பிடித்தேன். சங்ககிரியில் வயதான மிஸ்திரி ஒருவர் இருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியதும் அவர் ஸ்பேனரைத் தொடவேயில்லை. "முள்ளும் ஓடல, நம்பரும் ஓடல, ரெண்டும் ஒண்ணா நின்னுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்ப மீட்டர் மேல ஏனுங்க அம்மிணி பழி? நம்பர் ஓடி முள் மட்டும் நின்னா மீட்டரைப் பாக்கலாம். ரெண்டும் நின்னா கீழ பாக்கோணும்" என்றார். இந்த ஒரு கேள்வியை முதல் பட்டறையில் கேட்டிருந்தால் 2,400 ரூபாய் மிச்சம்.

முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கட்டை கொடுத்து, பின்பக்கம் ஒரு பக்கத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினார். அச்சுக்கு அடியில் கட்டையும் வைத்தார், வெறும் ஜாக்கியை நம்பி உள்ளே படுக்கக் கூடாது என்பது அவர் சட்டம். கியர் நியூட்ரலில். தூக்கிய சக்கரத்தைக் கையால் சுற்றினால், பின் அச்சையும் கியர் பாக்ஸையும் இணைக்கும் ஜாயின்ட் ஷாஃப்ட் சுற்றும், கியர் பாக்ஸின் வால் பக்கத்து ஷாஃப்டும் கூடவே சுற்றும். அந்த ஷாஃப்டில் திருகு மாதிரி சரிவாகப் பல் வெட்டிய எஃகு கியர் ஒன்று உண்டு. அதன் மேல் பக்கவாட்டில் வந்து உட்காருவதுதான் நம்முடைய பிளாஸ்டிக் சக்கரம். அது சுற்றி ஒயரைச் சுற்ற வைக்கும், ஒயர் மீட்டரைச் சுற்ற வைக்கும். ஒயரை மீட்டர் பக்கம் கழற்றி என்னைப் பார்க்கச் சொன்னார். ஈர்க்குச்சி கனத்தில் முறுக்கிய எஃகுக் கம்பி, நுனி சதுரமாக இருக்கும். தூக்கிய பின் சக்கரத்தைச் சுற்றினார். கம்பி அசையவில்லை.

அப்புறம் ஒயரை மீட்டரில் மாட்டிவிட்டு, கியர் பாக்ஸ் பக்கம் கழற்றி, அந்த முனையைத் துளை போடும் மிஷினில் பிடித்துச் சுற்றினார். முதலில் முள் எழவில்லை. திசையை மாற்றிச் சுற்றியதும் எழுந்தது. சரி, புது மீட்டர் நல்லதுதான். பழைய மீட்டரை ஞாபகார்த்தமாகப் பீரோ மேல் வைத்திருந்தேன், அதையும் எடுத்துப் போயிருந்தேன். அதை மாட்டிச் சுற்றினார். அதுவும் எழுந்தது! ஒன்றும் ஆகாத மீட்டரைத்தான் கழற்றிப் போட்டிருக்கிறோம். (உள்ளே ஒரு காந்தம் சுற்றுகிறது, அதைச் சுற்றி அலுமினியக் கிண்ணம், இரண்டும் தொட்டுக்கொள்வதே இல்லை, தொடாமலே கிண்ணத்தை இழுக்கிறது, மயிரிழைச் சுருள் ஒன்று பின்னால் இழுத்துப் பிடிக்கிறது என்று மிஸ்திரி சொன்னார். எனக்கு அது அதிசயமாக இருந்தது. வீட்டுக்காரருக்கு இல்லை.)

அதற்கப்புறம் கியர் பாக்ஸ். பிளாஸ்டிக் சக்கரம் உட்காரும் உறையைச் சுற்றியிருந்த தோட்டத்துச் செம்மண்ணை பிரஷ் போட்டு டீசலில் கழுவிய பிறகுதான் போல்ட்டைத் தொட்டார். மண் ஒரு துளி உள்ளே விழுந்தாலும் பேரிங்குக்குக் கேடு. உறையை உருவி எடுத்தால், போன வருஷம் போட்ட சக்கரம் மழமழவென்று கிடந்தது. பல் இருந்த இடத்தில் பல்லே இல்லை. நான் டார்ச் பிடித்திருந்தேன். உள்ளே எஃகு கியரின் பல் பளபளவென்று முழுசாக இருந்தது. "பிளாஸ்டிக்ல செஞ்சது ஏமாத்தறதுக்கு இல்லீங்க அம்மிணி. எங்காவது இறுகினா இது தேஞ்சு, அதைக் காப்பாத்தும்" என்றார். எஃகு கியர் போயிருந்தால் ஜாயின்ட் ஷாஃப்டைக் கழற்றி, வால் பக்க ஹவுசிங்கைப் பிரித்து, அது ஒரு பெரிய வேலை.

எங்கே இறுகியது? அதைத்தான் இரண்டரை வருஷம் யாரும் கேட்கவில்லை. முன்பு மாட்டிய ஒயர் ஒரு சாண் குட்டை. எட்டாததை இழுத்து மாட்டியதில், கியர் பாக்ஸிலிருந்து வெளியே வந்த உடனேயே முழங்கை மாதிரி மடங்கியிருந்தது. போதாததற்கு சேஸிஸ் மேல் கிளிப் போட்டு இறுக்கியும் இருந்தார்கள். உள்ளே கிரீஸ் காய்ந்து கறுப்புத் தூளாகியிருந்தது. இந்தப் பாரம் அத்தனையையும் சுற்றும் வேலை அந்தப் பிளாஸ்டிக் பல்லுக்கு. தேயாமல் என்ன செய்யும்? எத்தனை சக்கரம் மாற்றினாலும் தேய்ந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

சரியான நீளத்தில் ஒயர் வாங்கி, மடங்காமல் அகலமாக வளைத்துப் போட்டார். கம்பியை உருவி, கீழ் முக்கால் பங்குக்கு மட்டும் லேசாக கிரீஸ் தடவினார். மீட்டர் பக்கம் ஒரு சாண் வறட்டுதான். தடவினால் அது சுற்றிச் சுற்றி மேலே ஏறி மீட்டருக்குள் போய்விடுமாம். எண்ணெய் கசியாமல் அடைக்கிற உறையின் ஆயில் சீலும் ஓ-ரிங்கும் இறுகிப் போயிருந்தன, அந்த வழியாக கியர் ஆயிலும் ஒயருக்குள் ஏறியிருக்கிறது. புது மீட்டர் கண்ணாடிக்கு உட்புறம் புகை படிந்த மாதிரி இருந்ததற்குக் காரணம் அதுதான். இரண்டையும் மாற்றி, பழைய மீட்டரையே மாட்டச் சொன்னேன். சக்கரம், சீல், ரிங், ஒயர், கூலி எல்லாம் சேர்த்து 1,350 ரூபாய்.

இத்தோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மீட்டர் ஓடியது, ஆனால் நோட்டில் டீசல் கணக்கு நம்ப முடியாத அளவுக்கு நன்றாக வந்தது. முப்பது வருஷ வண்டி திடீரென்று இளமையாகிவிடுமா? அடுத்த டிரிப்பில் நானும் ஏறிக்கொண்டேன். தொப்பூர் ரோட்டில் கிலோமீட்டர் கல் பார்த்துக்கொண்டே போனோம். பத்து கல் தாண்டியபோது மீட்டரில் 11.2 ஏறியிருந்தது. திரும்பப் போனதும் மிஸ்திரி தலையில் அடித்துக்கொண்டார். கடைக்காரர் கொடுத்தது பதினாறு பல் சக்கரம். எங்கள் வண்டிக்குப் பதினெட்டு. பல் குறைந்தால் சக்கரம் வேகமாகச் சுற்றும், மீட்டர் கூட்டிக் காட்டும். பத்தைப் பதினெட்டால் பெருக்கி, பதினாறால் வகுத்துப் பாருங்கள், 11.25. கணக்கு அப்படியே பொருந்தியது. ஆக்ஸில் மாறினாலும் டயர் அளவு மாறினாலும் இந்தப் பல் எண்ணிக்கை மாற வேண்டுமாம்.

"நாற்பதில் போனால் நாற்பத்தைந்து என்று காட்டும், மெதுவாகத்தானே ஓட்டுவேன், இருக்கட்டுமே" என்றார் வீட்டுக்காரர். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று வாடகை பேசுகிற பார்ட்டியிடம் நூறு கிலோமீட்டருக்கு நூற்றுப் பன்னிரண்டு எழுதுவதா? பதினெட்டுப் பல் போட்ட பிறகு மறுபடி கல் பார்த்தோம். பத்துக்குப் பத்து.

கடிதம் எழுதிய அன்பருக்கு: அடிவாரத்தில் எங்கள் வண்டியைப் பார்த்தால் ஏறிப் பாருங்கள், ஓடும்போது. பட்டறைக்காரர்களுக்கு: முள்ளும் நம்பரும் சேர்ந்து நின்றதா என்று கேட்டுவிட்டு மீட்டர் விற்கலாம். மீட்டர் ஓடாத லாரிக்காரர்களுக்கு: தேய்ந்த சக்கரத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நடுவில் மொட்டையாகியிருந்தாலும், கடிபடாத ஓரத்தில் பல்லின் அடி தெரியும். அதை எண்ணி ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். நான் என் நோட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு லாரிக்காரர் வீட்டுக் கணக்குப்பிள்ளை,
கோரிமேடு, சேலம்.