ஓவியப் பாடமும் உழைப்பே

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் எச்.எஸ்.சி. எனும் பள்ளியிறுதித் தேர்வுக்குக் காட்சிக்கலையைப் பாடமாக எடுத்த மாணவியின் தந்தை நான். ‘படம் வரைவதுதானே’ என்று உறவினர்கள் இலகுவாகச் சொல்லிவிடுகிறார்கள். ஆனால் அப்பாடத்தின் பொதுத்தேர்வில் 50 மதிப்பெண்கள் எழுத்துத் தாளுக்கும், மீதி 50 மாணவர் தாமே உருவாக்கும் படைப்புத் தொகுப்புக்கும் உரியவை என்பதைப் பலர் அறியார்.

முதல் கிறுக்கலிலிருந்து கைவிட்ட யோசனைகள் வரை அனைத்தையும் குறிப்பேட்டில் பதிந்து, ஆசிரியரின் கண்முன் மாதக்கணக்கில் வளரும் அத்தொகுப்பில், மிகக் கடினமானது வரைவதன்று, விலக்குவதே என்பதை மகளிடம் கண்டேன். கரித்துண்டால் தீட்டிய 11 முகங்களுள், அவள் பாட்டியின் முகம் உட்பட 4 படங்களை, மற்றவற்றோடு சேர்ந்து பேசவில்லை என்று இறுதி வாரத்தில் எடுத்து வைத்துவிட்டாள். (பாட்டிக்கு இன்னும் வருத்தந்தான்.) எஞ்சியவற்றை எந்த வரிசையில், எவ்வளவு இடைவெளியில் மாட்டுவது என்பதற்கே இரண்டு மாலைகள் சென்றன.

தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர் படைப்புகள் ஆண்டுதோறும் ‘ஆர்ட்எக்ஸ்பிரஸ்’ கண்காட்சியில் இடம்பெறுகின்றன. அதன் தேதிகளைத் தங்கள் நாளிதழ், தேர்வு முடிவுகளுக்குத் தரும் இடத்தில் சிறு பகுதியையேனும் ஒதுக்கி வெளியிடுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
சிட்னி வாசகர் ஒருவர்